சாம்பசிவத்துக்குப் பந்து பிடிக்காது

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்து பசியாற உட்கார்ந்தபோது கைப்பேசியில் அந்தப் போஸ்டர் வந்து விழுந்தது. அனுப்பியவன் ரூபேந்திரன், எங்கள் முன்னாள் ஆட்டக்காரர் நட்புக் கழகத்தின் செயலாளர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். தோசைத் தட்டைத் தள்ளிவைத்தேன்.

அன்று சாயங்காலம் லாயாங் லாயாங் திடலில் ஒரு நினைவாட்டம். கோவிட் காலத்தில் செத்துப்போன மூன்று பழைய காற்பந்து ஆட்டக்காரர்களை நினைத்து நடத்துவது. மூன்று பேரும் சிம்பாங் ரேஞ்சர்ஸ் அணியில் என்னோடு ஆடியவர்கள். நான், சந்தனசாமி, அந்த அணியின் கோல்கீப்பர். பின்னால் நின்றுகொண்டு முன்னால் ஓடுகிறவர்களைத் திட்டுவதுதான் என் வேலை. இந்த வயதிலும் அந்தப் பழக்கம் போகவில்லை என்று என் மனைவி வினிஃப்ரெட் சொல்வாள்.

போஸ்டரில் முக்கால்வாசி இடத்தை டத்தோவின் முகம் பிடித்துக்கொண்டிருந்தது. டத்தோ பட்டம் வாங்கின பெரிய மனிதர், ஆட்டத்தைத் தொடக்கிவைக்க வருகிறவர் அவர். வாழ்நாளில் ஒரு பந்தையாவது எட்டி உதைத்திருப்பாரா என்பது சந்தேகம். அவருடைய கழுத்துக்குக் கீழே தபால்தலை அளவில் மூன்று படங்கள். ஹாஷிம், ஆ லியோங், மூன்றாவதாக எங்கள் ரவி. படம் ரவியுடையதுதான், அந்தக் கோணல் சிரிப்பு வேறு யாருக்கும் வராது. ஆனால் அதற்குக் கீழே ‘மெண்டியாங் சாம்பசிவம் ஏ எல் ரவீந்திரன்’ என்று போட்டிருந்தார்கள். அதாவது, ரவீந்திரனின் மகன், காலஞ்சென்ற சாம்பசிவம்.

ரவீந்திரன்தான் செத்தவன். சாம்பசிவம் அவனைப் பெற்ற தகப்பன். நினைவுநாள் நடத்துகிறவர்களுக்குச் செத்தவன் யார் என்றே தெரியவில்லை.

“என்னங்க, முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது?” என்று வினிஃப்ரெட் கேட்டாள்.

கைப்பேசியை அவளிடம் நீட்டினேன். படித்துவிட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “ஐயோ! நிர்மலா அக்கா பார்த்தாங்கன்னா வரவே மாட்டாங்களே.”

என் பயமும் அதுதான். நிர்மலாதேவி ரவியின் மனைவி. இந்த நினைவாட்டத்துக்கு வரமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றவள். லாபிஸில் இருக்கும் என் வீட்டிலிருந்து கெலாங் பாத்தா வரைக்கும் காரை ஓட்டிக்கொண்டு போய், அவள் வீட்டில் உட்கார்ந்து, “ரவீந்திரன்னு அவன் பேரச் சொல்லித்தாம்மா கூப்பிடுவாங்க, அதுக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தவன் நான். அவள் அதற்குமேல் மறுக்கவில்லை. பிறகு, “அவற்ற பேரை ஒருக்கா ஆராவது சத்தமாச் சொன்னாப் போதும், சாமி அண்ணை. எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்” என்றாள். அவர்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள். வீட்டுத் தமிழ் அப்படித்தான்.

ஒரு பெயருக்காக அவள் ஏன் இத்தனை ஏங்குகிறாள் என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ரவியின் அப்பா சாம்பசிவம் அந்தக் காலத்தில் லாயாங் லாயாங் ஸ்டேஷன் மாஸ்டர். அவர்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும், பிள்ளை பெயர் பின்னால் வரும். மகன் பிறந்ததும் மனிதர் கோட்டை மாட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய், ‘சாம்பசிவம் ரவீந்திரன்’ என்று அழகாக எழுதிக் கொடுத்திருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்கு முறையே வேறு. எங்கள் பெயர் முன்னால், அப்பன் பெயர் பின்னால், நடுவில் ஓர் ஏ எல். ‘அனாக் லெலாக்கி’, இன்னாருடைய மகன் என்று மலாயில் அர்த்தம். அங்கே எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிராணி எங்களுக்குப் போட்டுப் போட்டுப் பழகின கையோடு இந்த இரண்டு பெயருக்கு நடுவிலும் ஓர் ஏ எல்லைச் செருகிவிட்டார். அவ்வளவுதான். தொட்டிலில் கிடந்த பச்சைப்பிள்ளை பெற்ற தகப்பனுக்கே தகப்பனாகிவிட்டது.

திருத்தி வாங்குங்களேன் என்று அவர் மனைவி கேட்டதற்கு, “கவுண்மேந்து எழுதினது எழுதினதுதான்” என்று சொல்லிவிட்டாராம். கவுண்மேந்துச் சம்பளம் வாங்குகிறவர். கவுண்மேந்துக்கும் கை தவறும் என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

அந்த மனிதருக்குப் பந்து என்றாலே ஆகாது. பந்தாடுகிறவன் உருப்படமாட்டான் என்பது அவருடைய வேதம். ரவி தண்டவாளத்தைத் தாண்டி எங்களோடு ஆட வந்துவிட்டுப் போனால் வீட்டில் பெல்ட்தான் பேசும். ஆனாலும் வருவான். இடது ஓரத்தில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், எதிரணித் தடுப்பாட்டக்காரன் அடுத்த நாள்வரை இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரிவான். ரேஞ்சர்ஸ் பெரிய கிண்ணங்களுக்கு ஆடத் தொடங்கியபோது வானொலியில் ஆட்ட வர்ணனை வந்தது. ஆட்டக்காரர் பெயரெல்லாம் அடையாளக் கார்டில் உள்ளபடி. “சாம்பசிவம் எடுக்கிறார், சாம்பசிவம் வெட்டுகிறார், சாம்பசிவம் கோல்!” ஸ்டேஷன் மாஸ்டர் தன் அறையில் வானொலியைத் திறந்தால் தன் பெயர் திடலெல்லாம் உதைபடுகிறது.

“என்ர பேரைப் போட்டு உதைக்கிறாங்கள்!” என்று அவர் கத்தியதை ரவி எங்களிடம் நடித்துக் காட்டுவான். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். “மாத்துடா பேர” என்று சொன்னால், “விடுங்கடா, கிழவனுக்கும் கொஞ்சம் புகழ் வந்துட்டுப் போவட்டும்” என்பான். அவ்வளவு சிரித்தோம். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

கோவிட் உச்சத்தில் இருந்தபோது முதலில் ஹாஷிம் போனான். எங்கள் தடுப்புச் சுவர் அவன். அவன் முன்னால் நின்றால் எனக்கு வேலையே இருக்காது. பிறகு ஆ லியோங். அவனுடைய அக்கா காருக்குள் இருந்தபடியே கண்ணாடி வழியாகத் தம்பியை அனுப்பிவைத்தாள். ஓர் ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கான பேர் கத்திய ஆட்களுக்கு, கடைசிப் பயணத்தில் அழ நாலு பேர் இல்லை.

மூன்றாவது ரவி. மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. நிர்மலாவுக்கும் காய்ச்சல், வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று விட்டார்கள். மகள் விஜிதாவுக்குச் சிங்கப்பூரில் வேலை. அங்கிருந்து வருகிற எல்லைப் பாலமோ மூடிக் கிடந்தது. மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரும் என்று நிர்மலா கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழைப்பும் வந்தது. ஒரு பெண் குரல், அவசரமாக, “வாரிஸ் சாம்பசிவம்?” என்று கேட்டது. சாம்பசிவத்தின் குடும்பத்தாரா என்று.

அந்தச் சமயத்தில் ஏமாற்றுக் கும்பல்கள் இப்படித்தான் செத்தவர்களின் பெயரைச் சொல்லி அழைத்து, கோர்ட்டில் வழக்கு நிற்கிறது, வாரண்டு வந்திருக்கிறது என்று வயதானவர்களை மிரட்டிக்கொண்டிருந்தன. நிர்மலாவின் காது ரவீந்திரன் என்ற பெயருக்காகக் காத்துக் கிடந்த காது. அதில் எப்போதோ செத்துப்போன மாமனாரின் பெயர் ஏறுமா? அவர் செத்து எத்தனையோ வருஷமாகிறது, வேறு ஆளைப் பார் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மறுபடியும் தொந்தரவு செய்யக்கூடாது என்று அந்த எண்ணை ப்ளாக் செய்தும் விட்டாள்.

தொண்டையில் குழாய் போடுவதற்கு முன்னால் மனைவியோடு ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று ரவி கேட்டிருக்கிறான். அதற்காக வந்த அழைப்பு அது. அவர்கள் எப்படியோ விஜிதாவின் எண்ணைத் தேடிப் பிடித்தபோது அவன் மயக்கத்தில் இருந்தான். அதற்குப் பிறகு கண் திறக்கவே இல்லை.

அந்த நர்ஸின் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. தூக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, கார்டில் இருந்ததைப் படித்தாள். நிர்மலா மேல் பழி சொல்கிறவன் மனிதனே இல்லை. பிறகு யாரைப் பிடித்து உலுக்குவது? எந்தக் காலத்திலோ பேனாவை ஓட்டிவிட்டுப் போன அந்தக் கிராணியையா? அவரும் மண்ணுக்குள் போயிருப்பார். ஆள் அகப்படாத கோபம் இருக்கிறதே, அது மற்றக் கோபத்தையெல்லாம் விட மோசமானது.

ரவியை வெள்ளை உடுப்புக்காரர்கள் சுடலைக்குக் கொண்டுபோனார்கள். தேவாரம் பாட ஆளில்லை. நான் லாபிஸிலிருந்து கிளம்பிப் போய்ப் போலீஸ் தடுப்பில் மல்லுக்கட்டித் திரும்பி வந்தேன். கட்டுப்பாடெல்லாம் தளர்ந்த பிறகு வினிஃப்ரெட்டோடு போனபோதுதான் நிர்மலா அந்தக் கதையைச் சொன்னாள். “அவர் என்னைக் கூப்பிட்டவர், அண்ணை. அப்பிடி ஒரு ஆளே இல்லையெண்டு சொல்லி வச்சுப்போட்டன்.” அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். வினிஃப்ரெட்தான் அழுதாள்.

இத்தனையும் தெரிந்துதான் ரூபேந்திரனிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லியிருந்தேன். “ரவீந்திரன். சாம்பசிவம் அவங்க அப்பா. மாறிடப் போவுது.” ஆகட்டும் ஆகட்டும் என்றவன் இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறான். தோசையை அப்படியே வைத்துவிட்டு, வினிஃப்ரெட்டைக் கூட்டிக்கொண்டு லாயாங் லாயாங்குக்குக் காரை விட்டேன். வழியெல்லாம் அவள் செபமாலை சொன்னாள். நான் வேறு வார்த்தைகள் சொன்னேன்.

திடலில் கூடாரம் போட்டிருந்தார்கள். டத்தோவுக்கு மெத்தை நாற்காலி, மின்விசிறி, பூச்செண்டு. பழைய ஆட்டக்காரர்களுக்கு வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலி. மேடைக்குப் பின்னால் பேனர், போஸ்டரில் இருந்ததே பத்து மடங்கு பெரிதாக. ரூபேந்திரன் தலையில் கறுப்புக் கண்ணாடியும் கையில் வாக்கி டாக்கியுமாக ஓடிக்கொண்டிருந்தான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாம் எடுத்து நடத்துகிறவன். மரணத்தையும் அதே கையோடுதான் நடத்துகிறான்.

“டேய்! நான் உங்கிட்ட என்ன பேரு சொன்னேன்?” என்று கேட்டேன்.

“வாங்க அங்கிள்! சாப்டீங்களா?”

“பேரு என்னடா சொன்னேன்?”

“ரவீந்திரன்னு சொன்னீங்க. அதத்தான் அங்கிள் நான் செக் பண்ணேன். கழகத்துல அவரோட ஐசி கார்டு காப்பி இருக்குல்ல, பாத்தா உல்டாவா இருக்கு. சரி, அங்கிளுக்கு வயசாச்சு, மாத்திச் சொல்லிட்டாரு போலன்னு நானே சரி பண்ணிட்டேன்.” முகத்தில் பெருமை வேறு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவன் பிள்ளையாரைக் கையில் கொடுத்த பிறகும் குரங்காக்கியிருக்கிறான்.

“கூடவே வளர்ந்தவன் பேரு எனக்குத் தெரியாதாடா? நீ தமிழன்தானே? சாம்பசிவம், ரவீந்திரன், இதுல அப்பன் பேரு எது, மகன் பேரு எதுன்னு கேட்டா சின்னப் புள்ள சொல்லும்!”

“அலமாக், ரிலேக்ஸ் லா அங்கிள். ஒஃபிசியல் பேருதானே போட முடியும்? டத்தோ ஆபிஸுக்கு அனுப்பியாச்சு, பேனர் அடிச்சாச்சு, கேடயமும் வந்துருச்சு. என் ஐசியிலயே என் பேரு ஸ்பெல்லிங் தப்பு. நான் என்ன சண்டையா போட்டேன்? நம்மாளுங்க எல்லாருக்கும் அப்படித்தான்.”

எல்லாருக்கும் அப்படித்தான். இந்த ஒரு வார்த்தையைக் கேட்டால்தான் எனக்குக் கொலைவெறி வருகிறது. அவன் சொன்னது பொய்யில்லை. என் பெயரையே கார்டில் இரண்டு துண்டாக வெட்டிப் போட்டிருக்கிறார்கள். சந்தனம் ஓர் ஆள், சாமி ஓர் ஆள். வினிஃப்ரெட்டின் அக்கா பெயரில் ஓர் எழுத்து விழுந்து அவள் ஆண்பிள்ளையாகிவிட்டாள். ராசம்மா ரோசம்மா ஆவாள், அங்கம்மா அங்காம்மா ஆவாள். நாமும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவோம். வீட்டில் விருந்தாளி வந்தால் அதைச் சொல்லி இன்னொரு தடவை சிரிப்போம். கறிவேப்பிலையைக்கூட எடுத்துப் பார்த்துத்தான் ஓரமாக வைக்கிறோம். பெயரை அந்த அளவுக்குக்கூடப் பார்ப்பதில்லை. அந்தச் சிரிப்புக்கு ரவி கொடுத்த விலை இவனுக்குத் தெரியுமா? சொன்னேன். அந்தப் போன் அழைப்பைப் பற்றி, பேர் மாறினதால் ஒரு மனுஷி புருஷனின் கடைசி வார்த்தையை இழந்ததைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

வாக்கி டாக்கியை இறக்கிக்கொண்டான். கொஞ்சம் முகம் வாடியது. “தெரியாது அங்கிள். சாரி. பேனர மாத்த நேரமில்ல. மைக்ல ரவீந்திரன்னு சொல்லச் சொல்றேன். எம்சி கிட்ட நானே சொல்றேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா அங்கிள்.”

அதற்குள் யாரோ டத்தோவின் நாற்காலி ஆடுகிறது என்று கூப்பிட, ஓடிவிட்டான்.

பேனரில் அந்தப் பெயரையாவது மறைத்துவிடலாம் என்று, கால்பட்டி கட்டுகிற வெள்ளை டேப்பை வாங்கி நாற்காலி மேல் ஏறி ஒட்டினேன். இந்த முட்டியோடு அது சாமானிய வேலையில்லை. இறங்கி வேர்வையைத் துடைப்பதற்குள் ரூபேந்திரனின் ஆள் ஒருவன் வந்து பிய்த்து எறிந்துவிட்டான். டத்தோவின் சட்டைக் கழுத்தில் கசங்கல் விழுகிறதாம். செத்தவன் பெயர் கோணலாக இருக்கலாம், இருக்கிறவர் சட்டை கசங்கக்கூடாது.

நாலரை மணி வாக்கில் நிர்மலா வந்தாள். விஜிதா கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். நல்ல வெள்ளைச் சேலை. பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். பேனரைப் பார்த்ததும் நிர்மலாவின் கால் நின்றுவிட்டது.

“அண்ணை, இதில மாமான்ர பேரெல்லோ கிடக்குது.”

“பேனர்ல தப்பாயிருச்சும்மா. மைக்ல சரியா கூப்பிடுவாங்க. ஆளப் புடிச்சிச் சொல்லிட்டேன்.”

விஜிதா என்னைத் தனியாக இழுத்தாள். “அங்கிள், அம்மாவால இன்னொரு தடவ இதத் தாங்க முடியாது. ஷுவரா?”

“ஷுவர்மா,” என்றேன். வினிஃப்ரெட் நிர்மலாவைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விசிறிவிட்டாள்.

டத்தோ வருவதற்குள் வெயில் தாழ்ந்துவிட்டது. வந்ததும் கொம்பாங் மேளம் அடித்தார்கள், மாலை போட்டார்கள். பேசினார். இளைஞர்களைப் பற்றிப் பேசினார், ஒற்றுமையைப் பற்றிப் பேசினார், தான் சின்ன வயதில் பூப்பந்து ஆடியதைப் பற்றிப் பேசினார். “நம் மூன்று வீரர்கள்” என்று பலமுறை சொன்னார். மூன்று பேர் பெயரில் ஒன்றைக்கூட வாயில் எடுக்கவில்லை. எழுந்து கேட்கலாமா என்று இருந்தது. வினிஃப்ரெட் என் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு எம்சி மைக்கை வாங்கினாள். தலையில் துடோங் முக்காடு போட்ட இளம்பெண், கணீரென்ற குரல். கையில் இருந்த அட்டையைப் பார்த்து ஹாஷிமின் பெயரை மரியாதையோடு சொன்னாள். அவன் மகன் போய்க் கேடயத்தை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். ஆ லியோங்கின் பெயரைச் சொன்னாள். அக்கா தடி ஊன்றிப் போய் வாங்கினாள். நாங்கள் கைதட்டினோம். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் அட்டையைத் திருப்பினாள்.

“வாரிஸ் மெண்டியாங் சாம்பசிவம்.”

நிர்மலா அசையவில்லை. விசிறியைப் பிடித்திருந்த வினிஃப்ரெட்டின் கை அப்படியே நின்றது. எம்சி கூட்டத்தைக் கண்ணால் தேடிவிட்டு, கொஞ்சம் குரலை உயர்த்தி, கேள்வியாகக் கூப்பிட்டாள். “வாரிஸ் சாம்பசிவம்?”

அதே வார்த்தை, அதே கேள்வி.  மேடை ஓரத்தில் நின்ற ரூபேந்திரனிடம் பாய்ந்தேன்.

“என்னடா சொன்ன நீ எங்கிட்ட?”

“அங்கிள், மறந்துட்டேன் அங்கிள். டத்தோ லேட்டா வந்ததுல எல்லாம் தலகீழா போயிருச்சு. உக்காருங்க லா, ப்ளீஸ். டத்தோ பாக்கறாரு.”

“பாக்கட்டும்! செத்தவன் பேரு தெரியாம கேடயம் குடுக்க வந்தவரு நல்லா பாக்கட்டும்! ஒரு பேருடா! நாற்காலி ஆடுதுன்னா ஓடத் தெரியுது, ஒரு பேரு ஞாபகம் வச்சுக்கத் தெரியலையா? அவன் உங்கிட்ட சிலையா கேட்டான்? தெருவுக்கு அவன் பேரு வைக்கச் சொன்னானா?”

இரண்டு பேர் வந்து என் தோளைப் பிடித்தார்கள். உதறினேன். கூட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் நிர்மலா எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. நான் திரும்பியபோது அவள் மேடைப் படியில் ஏறிக்கொண்டிருந்தாள். விஜிதா பின்னாலேயே ஓடி, “அம்மா, வேணாம்மா, வீட்டுக்குப் போவோம்” என்று கையைப் பிடித்தாள். நிர்மலா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

டத்தோ கேடயத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேமராவுக்குச் சிரித்தபடி நின்றார். நிர்மலா அதிலிருந்த எழுத்தைக் குனிந்து படித்தாள். வாங்கிக்கொள்ளவில்லை.

“இது என் மாமனார் பெயர், டத்தோ,” என்று நல்ல மலாயில் சொன்னாள். மைக் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. “அவருக்குப் பந்து பிடிக்காது. இதைக் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.”

வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து முன்வரிசையில் சிரித்தார்கள். டத்தோவும் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது.

நிர்மலா எம்சியின் பக்கம் திரும்பினாள். “உன்மேல் தப்பில்லை, மகளே. எழுதிக் கொடுத்ததைத்தான் நீ படித்தாய். என் கணவர் பெயர் ரவீந்திரன். முன்பு ஒரு தடவை எனக்கு ஓர் அழைப்பு வந்தது, இதே மாதிரி வேறு பெயரில். நான் பதில் சொல்லவில்லை. இப்போது அவர் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடு.”

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, எவ்வளவு புரிந்ததோ. அட்டையை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். ரூபேந்திரன் கீழேயிருந்து, அடுத்ததுக்குப் போ, அடுத்ததுக்குப் போ என்று கையை ஆட்டினான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. “மாஃப், மாக்சிக்,” என்று அத்தை முறை வைத்து மன்னிப்புக் கேட்டாள். பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொல்லி, மைக்கை விலக்கிக்கொண்டு, உதட்டுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். நிர்மலா ஓரிடத்தில் திருத்தினாள். அவள் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். டத்தோ கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். இந்த நாட்டில் எங்கள் பெயர் ஒன்றைச் சரியாகச் சொல்வதற்கு ஒருவர் இவ்வளவு சிரமப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்கு ஒருத்தி மேடையேறிக் கெஞ்ச வேண்டியிருந்தது. எனக்கு அதுவும் ஆற்றாமையாகத்தான் இருந்தது.

எம்சி நிமிர்ந்து மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“வாரிஸ் ரவீந்திரன்?”

நான்கு ஒலிபெருக்கியிலும் அந்தப் பெயர் திடல் முழுக்கக் கேட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கடைகளுக்கும் கேட்டிருக்கும். என் தோளைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்கள்.

நிர்மலா வலது கையைத் தூக்கினாள். “சாயா,” என்றாள். பெயர் கூப்பிட்டால் மலாயில் எல்லாரும் சொல்கிற பதில்தான், நான்தான் என்று. குரல் எழும்பவில்லை. மறுபடியும், இந்த முறை நன்றாகச் சத்தமாக, “சாயா!” என்றாள்.

அதன் பிறகு அவள் எம்சியையும் பார்க்கவில்லை, டத்தோவையும் பார்க்கவில்லை. எங்களில் யாரையும் பார்க்கவில்லை. தூக்கிய கை காதுப் பக்கமாக இறங்கி அங்கேயே நின்றது.

“நான்தான்,” என்றாள். “இஞ்சதான் இருக்கிறன். போனை வையாதேங்கோ, சொல்லுங்கோ.”